பார்சல் மறு அனுப்பல் 'வேலை': வீட்டில் இன்னும் மூன்று பெட்டிகள், என்ன செய்வது?

வாசல்திண்ணை:

வணக்கம். தம்பி மூன்று வாரமாக 'வீட்டிலிருந்தே பார்சல் ஆய்வாளர்' என்ற வேலையில் இருக்கிறான். இது, திருட்டு கார்டில் வாங்கிய பொருள்களைக் கைமாற்றிவிடும் மோசடி என்பது நேற்றுதான் தெரிந்தது. நிலவரம்:

பெட்டி வந்ததும் பிரித்துப் படமெடுத்து, அவர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் லேபிளை அச்சிட்டு மேலே ஒட்டி, கூரியர் கவுன்டரில் கொடுத்துவிட வேண்டும். இதுவரை வந்தவை 11 பெட்டிகள். கைப்பேசி, கேமரா லென்ஸ், ஷூ இப்படி. 8 போய்விட்டன, அதில் கடைசி இரண்டு போன திங்கட்கிழமை கொடுத்தவை, வெளிநாட்டு முகவரி. மூன்று வீட்டில் இருக்கின்றன. இரண்டு பிரிக்காதவை, ஒன்று பிரித்தது. பிரித்த பெட்டியில் இருக்கும் பெயர் தம்பியுடையது இல்லை, முகவரி மட்டும் எங்களுடையது. இன்னும் இரண்டு வழியில் இருப்பதாக அவர்கள் தளத்தில் அவனுக்குத் தந்த டேஷ்போர்டு காட்டுகிறது.

கடவுச்சீட்டு நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் கொடுத்திருக்கிறான். சம்பளம் 30ஆம் நாள் என்று ஒப்பந்தம். 'நிறுத்திக்கொள்கிறேன்' என்று சொன்னதும், 'பொருளைத் திருடியதாகப் போலீசில் சொல்வோம்' என்று மேனேஜரிடமிருந்து மெசேஜ்.

பெட்டிகளை என்ன செய்வது? அவன்மேல் வழக்கு வருமா? மிரட்டலுக்குப் பதில் சொல்லலாமா?


தபால்முத்திரை:

மேனேஜருக்கு இனி ஒரு வரிகூட எழுத வேண்டாம். திட்டவும் வேண்டாம், 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று சொல்லவும் வேண்டாம். சொன்ன மறுநிமிடம் டேஷ்போர்டைப் பூட்டிவிடுவார்கள். எந்தப் பெட்டி எங்கே போனது என்ற விவரம் முழுக்க அதில்தான் இருக்கிறது. அதனால் இன்றே, இப்போதே எடுத்துவையுங்கள்: பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட், இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி. லேபிள் பிடிஎஃப் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சல்களை இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்வது போதாது. மூல வடிவத்திலேயே கோப்பாகச் சேமியுங்கள். எந்த சர்வர் வழியாக வந்தது என்பது அந்த வடிவத்தில்தான் தெரியும். பேச்சு டெலிகிராமில் நடந்திருந்தால் அதை முதல் வேலையாக எடுங்கள். எதிர்முனையில் இருப்பவரால் இரண்டு பக்கமும் அழித்துவிட முடியும்.

அடுத்து ஒரு அட்டவணை. பெட்டிக்கு ஒரு வரி: வந்த தேதி, உள்ளே வந்த ட்ராக்கிங் எண், அனுப்பிய கடை, பெட்டிமேல் இருந்த பெயர், பொருள், வெளியே போன ட்ராக்கிங் எண், போன முகவரி, கொடுத்த தேதி, கவுன்டர் ரசீது உண்டா இல்லையா. 11 வரி. தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். போலீஸ், கூரியர், கடை, வங்கி எல்லோரும் கேட்கப்போவது இந்த ஒரு தாளைத்தான்.

திங்கட்கிழமை கொடுத்த இரண்டு இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கலாம். வெளிநாட்டுப் பார்சல் ஏற்றுமதி மையத்திலும் சுங்கத்திலும் காத்துக் கிடப்பது சகஜம். ட்ராக்கிங்கில் 'டெலிவரி ஆகிவிட்டது' என்று வராதவரை முயன்று பாருங்கள். கூரியரின் பொது வாடிக்கையாளர் எண்ணில் 'லேபிள் வாங்கிய கணக்கு யாருடையது?' என்று கேட்டு அங்கேயே முடித்துவிடுவார்கள். மோசடித் தடுப்பு அல்லது பாதுகாப்புப் பிரிவுக்கு இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'இந்த லேபிளை நாங்கள் வாங்கவில்லை. திருட்டு கார்டில் வாங்கிய பொருள் என்று சந்தேகம். பார்சலை நிறுத்திவையுங்கள், புகார் எண் தாருங்கள்.' அவர்கள் கேட்பார்கள். ஏனென்றால் இந்த லேபிள்களே பெரும்பாலும் திருட்டு கார்டிலோ, வேறு நிறுவனத்தின் கூரியர் கணக்கைக் கைப்பற்றியோ வாங்கப்பட்டவை. கூரியருக்கும் இதில் நஷ்டம்.

வீட்டில் இருக்கும் மூன்றுக்கு வருகிறேன். பிரிக்காததைப் பிரிக்காதீர்கள். ஆறு பக்கமும் படம், லேபிள் மட்டும் கிட்டத்தில் தனிப் படம். லேபிளின்மேல் இன்னொரு லேபிள் ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம். அடியில் இருப்பது முந்தைய வீட்டின் முகவரியாக இருக்கலாம், அங்கேயும் உங்கள் தம்பியைப் போல ஒருவர் இருப்பார்.

பிரித்த பெட்டியில் கடையின் பேக்கிங் சீட்டு ஒன்று இருக்கும், மடித்து அடியில் கிடக்கும். அதை விரித்துப் பாருங்கள். 'டெலிவரி' என்ற இடத்தில் உங்கள் வீட்டு முகவரி. 'பில்' என்ற இடத்தில், கடை அதை அச்சிட்டிருந்தால், வேறு ஊர், வேறு பெயர். பணத்தைப் பறிகொடுத்தவர் அநேகமாக அவர்தான். அவரை நேரில் தேடிப் போகாதீர்கள், கடை மூலமாகவே போகட்டும். ஆனால் ஆர்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை வைத்துத்தான் கடையில் வேலை நடக்கும். கைப்பேசியாக இருந்தால் ஆன் செய்யவோ சிம் போடவோ கூடாது. பெட்டிமேல் உள்ள ஐஎம்இஐ எண்ணை (கைப்பேசியின் தனி அடையாள எண்) படமெடுத்து, எல்லாவற்றையும் இருந்தபடியே உள்ளே வைத்து மூடுங்கள்.

பிறகு கடையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து ஆர்டர் எண்ணைச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பும் லேபிளை அவர்களே தருவார்கள். உங்கள் பணத்தில் அனுப்ப வேண்டியதில்லை.


சட்டப்படி:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம், வரிசையில் மட்டும். கடைக்குத் திருப்புவதற்கு முன் போலீஸ் புகார். அந்த மூன்று பெட்டிகளும் இப்போது சாட்சியம். புகார் கொடுக்கும்போது 'பெட்டிகள் எங்களிடம் இருக்கின்றன, எடுத்துக்கொள்கிறீர்களா, கடைக்கு அனுப்பலாமா?' என்று கேளுங்கள். 'அனுப்பிவிடுங்கள்' என்றால் அதையே அன்று மாலைக்குள் மின்னஞ்சலில் எழுதி அனுப்பி உறுதிசெய்துகொள்ளுங்கள். புகார் எண் இல்லாமல் பெட்டி மறுபடி ஒருமுறை வீட்டைவிட்டு வெளியே போனால், நான்கு மாதம் கழித்து அது ஒன்பதாவது பார்சலாகத்தான் தெரியும்.

வழக்கு வருமா என்ற கேள்வி. திருட்டுப் பொருளைக் கையாண்ட குற்றம் பல நாட்டுச் சட்டங்களிலும் 'தெரிந்திருந்ததா, அல்லது நம்பக் காரணம் இருந்ததா' என்பதில்தான் நிற்கிறது. தெரியாமல் அனுப்பிய எட்டும் தெரிந்த பிறகு அனுப்பும் ஒன்றும் ஒரே தட்டில் வராது. நேற்று புரிந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்துக்குப் பிறகு, மிரட்டலுக்குப் பயந்தோ, 'கடைசியாக இது ஒன்று மட்டும்' என்றோ எதையும் அனுப்பாமல் இருப்பதுதான் தம்பிக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு. தானாக முன்வந்து, தேதியிட்ட அட்டவணையோடு புகார் கொடுத்தவரைப் பார்க்கும் விதம் வேறு, கதவைத் தட்டிக் கண்டுபிடிக்கப்பட்டவரைப் பார்க்கும் விதம் வேறு.

சாட்டில் சங்கடமான வரிகள் இருக்கலாம். 'இது சரியான வேலைதானா?' என்று அவனே கேட்டிருக்கலாம். அழிக்க வேண்டாம். அழித்தது தெரியவந்தால் அழித்ததுதான் கேள்வியாகும்.

இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் புகாருக்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்: கணக்கில் பணம் வந்து அதை வேறு எங்காவது அனுப்பியிருந்தால், நண்பர் யாரையாவது இதே வேலையில் சேர்த்துவிட்டிருந்தால், போலீஸ் ஏற்கெனவே தொடர்புகொண்டிருந்தால், சுங்கப் படிவத்தில் அவன் கையெழுத்து இருந்தால். கடைசியை உடனே பாருங்கள். வெளிநாட்டு லேபிளோடு வரும் படிவத்தில் விலை உயர்ந்த லென்ஸை 'பழைய துணி' என்றோ 'அன்பளிப்பு' என்றோ குறைந்த விலை போட்டு நிரப்பியே அனுப்புவார்கள். அனுப்புநர் இடத்தில் கையெழுத்துப் போட்டவர் பொய் விவரத்துக்குப் பொறுப்பாகிறார். இது பலரும் கவனிக்காத இடம்.

மிரட்டலைப் பொறுத்தவரை, அந்த மேனேஜர் எந்தக் காவல் நிலையத்துக்கும் போக மாட்டார். பொருள் அவருடையது என்று காட்ட அவரிடம் ஒரு பில் கிடையாது. 'சைபர் போலீஸ்' என்று வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்து அபராதம் கட்டச் சொன்னால் அதுவும் அதே கும்பல்தான். பெயர், நிலையம் கேட்டுக்கொண்டு துண்டித்துவிட்டு, நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி அழைத்துச் சரிபாருங்கள்.

எந்த நாடு என்று எழுதவில்லை. அமெரிக்கா என்றால் உள்ளூர் போலீஸ், எஃப்பிஐயின் ஐசி3 இணையப் புகார், தபால் துறை வழியாகப் போன பார்சல்களுக்கு அஞ்சல் ஆய்வுத் துறை. கனடாவில் உள்ளூர் போலீசும் கனடிய மோசடித் தடுப்பு மையமும். சிங்கப்பூரில் போலீஸ் புகார், ஆலோசனைக்கு 1799 என்ற தொலைபேசி எண். இந்தியாவில் தேசிய சைபர் குற்றப் புகார் தளம். கணக்கில் பணம் புரண்டிருந்தால் 1930 என்ற உதவி எண்.


வலைக்கண்:

30ஆம் நாள் சம்பளம் என்பதைக் கவனியுங்கள். அது தற்செயல் இல்லை. இந்த மோசடித் தளங்களை உள்ளே புகுந்து ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு வீட்டு முகவரியை ஏறத்தாழ 30 நாள் பயன்படுத்திவிட்டுச் சம்பள நாளுக்கு முன் கைகழுவிவிடுகிறார்கள் என்று காட்டியது. அன்றைக்கு டேஷ்போர்டு கணக்கு பூட்டப்படும், மேனேஜர் காணாமல் போவார். காரணம் எளிது: கார்டுக்காரர் மாதாந்திர ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து வங்கியில் சொல்லத் தொடங்கும் நேரம் அது. அதற்குமேல் அந்த முகவரி கடைகளின் தடைப்பட்டியலில் ஏறிவிடும், அவர்களுக்குப் பயனில்லை.

ஏன் ஒரு வீடு தேவைப்படுகிறது? திருடிய கார்டு எண்ணை வைத்து வெளிநாட்டு முகவரிக்கு ஆர்டர் போட்டால் பல கடைகள் அனுப்பாது, அனுப்பும் கடையிலும் எச்சரிக்கை அடிக்கும். கார்டு வழங்கிய நாட்டுக்குள்ளேயே ஒரு சாதாரணக் குடியிருப்பு என்றால் தடை குறைவு. முகவரிச் சரிபார்ப்பு என்று கடைகள் செய்வதுகூட பில் முகவரியின் கதவு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் வங்கியிடம் உள்ளதோடு ஒப்பிடுவதுதான்; பொருள் போகும் முகவரியை அது பார்ப்பதில்லை. அந்த இரண்டையும் கார்டு எண்ணோடு சேர்த்தே திருடியிருப்பார்கள்.

உங்கள் தம்பியோடு பேசிய 'மேனேஜர்' திருட்டு கார்டு வைத்திருப்பவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வீடுகளைச் சேர்த்து வாடகைக்கு விடுவது ஒரு தொழில், கார்டில் பொருள் வாங்குவது இன்னொரு தொழில். அதே ஆய்வில் வந்த கணக்கு: வீடுகளை நடத்துபவர் பொருளின் மதிப்பில் பாதிவரை பங்கு எடுப்பார், அல்லது பெட்டிக்கு 50 முதல் 70 டாலர் வாங்குவார். கடைசியில் நஷ்டம் விழுவது பெரும்பாலும் கடையின் தலையில். 'இதை நான் வாங்கவில்லை' என்று கார்டுக்காரர் மறுத்ததும் வங்கி கடையிடமிருந்து பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், பொருளும் போயிருக்கும். அப்படி மறுக்கப் பொதுவாக 120 நாள்வரை அவகாசம் உண்டு. அதனால் உங்கள் முகவரியைத் தேடி அழைப்பு வருவது இன்றோ நாளையோ இல்லாமல் மூன்று நான்கு மாதம் தள்ளியும் இருக்கலாம். கோப்பை அதற்குள் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.


கணக்குப்பிள்ளை:

பெட்டிகளைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் பணத்தையும் அடையாளத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வங்கிக்கு நேரில் போய், கணக்கு எண் மோசடிக் கும்பலிடம் போய்விட்டது என்று எழுத்தில் கொடுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்று கவுன்டரில் சொல்லக்கூடும், போதாது. கணக்கு எண் வெளியே போனதில் பணம் எடுப்பதைவிடப் பெரிய ஆபத்து பணம் போடுவது. வேறு யாரிடமோ ஏமாற்றிய பணத்தை இந்தக் கணக்கில் போட்டு, 'தவறாகச் சம்பளம் கூடுதலாக வந்துவிட்டது, மீதியைத் திருப்பி அனுப்பு' என்பார்கள். அனுப்பினால் பெட்டிக் கதை பணமோசடிக் கதையாக மாறிவிடும். புதிய கணக்கு திறந்து பழையதை மூடச் சொல்லுங்கள். அதற்குள் ஏதாவது வரவு விழுந்தால் தொடாதீர்கள், நீங்களாகத் திருப்பவும் வேண்டாம். வங்கியிடம் சொல்லி அவர்கள் வழியாகவே திரும்பட்டும். சம்பளம் என்று காசோலை வந்தாலும் அப்படித்தான். கணக்கில் வரவாகக் காட்டுவதும் காசோலை உண்மையில் தேறுவதும் ஒன்றல்ல. போலிக் காசோலை வாரங்கள் கழித்துக்கூடத் திரும்பி வரும், அப்போது பற்று உங்கள்மேல் விழும்.

கடவுச்சீட்டு நகல் போனதற்கு: கடன் தகவல் நிறுவனங்களில் அவன் பெயரில் புதுக் கடன் விசாரணை ஏதும் வந்திருக்கிறதா என்று இப்போதும், மூன்று மாதத்தில் மறுபடியும் பாருங்கள். அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் அவன் பெயரில் புதுக் கடன் எடுக்க முடியாதபடி தனித்தனியாகப் பூட்டுப் போட வேண்டும் (கிரெடிட் ஃப்ரீஸ்), கட்டணம் இல்லை. ஒன்றில் போட்டால் மற்றதில் தானாக விழாது.

அதிகம் பேர் மறந்துவிடுவது கூரியர் கணக்கு. இதே வேலையில் சிக்கிய மற்றவர்களுக்கான லேபிள்களை உங்கள் தம்பி பெயரில் கணக்குத் திறந்தே வாங்கியிருக்கலாம். கூரியர் பாதுகாப்புப் பிரிவிடம் பேசும்போதே 'இந்தப் பெயரிலும் முகவரியிலும் வேறு கணக்கு இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள்.

டேஷ்போர்டில் போட்ட கடவுச்சொல்லை வேறு எங்காவது பயன்படுத்தியிருந்தால் அங்கெல்லாம் மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சலை. 'பயிற்சி'க்கு என்று, தொலைவிலிருந்தே கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் மாதிரி எதையாவது கணினியில் ஏற்றச் சொன்னார்களா? சொல்லியிருந்தால் இணையத்தைத் துண்டித்து நீக்கிவிட்டு, கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.


வாசல்திண்ணை:

எல்லோருக்கும் நன்றி. அட்டவணை தயார், டேஷ்போர்டும் எடுத்தாயிற்று. சுங்கப் படிவம் இரண்டில் தம்பியின் கையெழுத்து இருக்கிறது, அதனால் புகாருக்கு முன் வழக்கறிஞரைப் பார்க்கிறோம். திங்கட்கிழமை பெட்டிகளில் ஒன்றைக் கூரியர் நிறுத்திவிட்டது, மற்றது போய்விட்டது.

இப்போது புதிதாக ஒன்று. 'இன்று மாலை 6 மணிக்கு எங்கள் ஆள் வந்து மூன்று பெட்டியையும் எடுத்துக்கொள்வார், கொடுத்தால் பிரச்சினை முடிந்தது' என்று மெசேஜ். வழியில் இருக்கும் இரண்டையும் என்ன செய்வது?


தபால்முத்திரை:

கொடுக்கவே கூடாது. கொடுத்தால் முடியாது, சாட்சியம் போய்விடும், தெரிந்தே கொடுத்ததாகவும் ஆகிவிடும். வருகிறவர் கூரியர் சட்டை போட்டுக் கையில் ஸ்கேனரோடுகூட வரலாம். நீங்களாகப் பதிவுசெய்யாத பிக்கப் எதற்கும் பெட்டி வெளியே போகக் கூடாது. கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே 'போலீசில் கேளுங்கள்' என்று சொன்னால் போதும். இந்த மெசேஜைக் காட்டி இப்போதே காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள், நேரம் குறிப்பிட்டு வந்திருப்பதால் அவர்களுக்கும் உதவும். அந்த நேரத்தில் தம்பி தனியாக வீட்டில் இருக்க வேண்டாம்.

வழியில் உள்ள இரண்டுக்கு, ட்ராக்கிங் எண் கூரியர் தளத்தில் வேலை செய்தால் அங்கேயே டெலிவரியை மறுக்கும் வசதி இருக்கும். இல்லையென்றால் அழைத்துச் சொல்லுங்கள். ஆள் நேரில் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடாமல் 'ஏற்க மறுக்கிறோம், அனுப்பியவருக்கே' என்று சொல்லுங்கள். வாசலில் வைத்துவிட்டுப் போனால் வெளியே விட்டுவைக்காதீர்கள், இன்று வருகிற ஆளுக்கு அதுதான் வேண்டும். வைத்த இடத்திலேயே படமெடுத்து, உள்ளே கொண்டுவந்து, அட்டவணையில் 12, 13ஆம் வரிகளாக ஏற்றுங்கள்.

இன்னொன்று: திருப்பும்போது லேபிளில் 'அனுப்புநர்' என்று இருக்கும் முகவரி கடையின் கிடங்குதானா என்று தேடிப் பாருங்கள். சில பெட்டிகள் இன்னொரு வீட்டிலிருந்து வரும். அப்படி இருந்தால் அங்கே திருப்பாமல் போலீசிடமே விடுங்கள்.


கொடிமுல்லை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எந்த வேலையிலும் சேரவில்லை, ஆனால் ஆர்டர் போடாத சின்னப் பொருள்கள் என் பெயருக்கே வருகின்றன. அதுவும் இதுவா?


வலைக்கண்:

இல்லை. மலிவான பொருள், உங்கள் பெயர், யாரும் திருப்பிக் கேட்கவில்லை என்றால் அது விற்பனையாளர் பொய் மதிப்புரை எழுதுவதற்காக அனுப்புவது. பொருளைத் திருப்ப வேண்டியதில்லை; கடைத் தளத்தில் புகார் சொல்லி, உங்கள் கடவுச்சொல்லை மாற்றுங்கள். உள்ளே க்யூஆர் கோடு அட்டை இருந்தால் ஸ்கேன் செய்யாதீர்கள்.

விலையுயர்ந்த பொருள் உங்கள் பெயரிலேயே வந்து, பின்னாலேயே ஒருவர் 'தவறாக வந்துவிட்டது, கொடுங்கள்' என்று வந்தால்தான் ஆபத்து. உங்கள் கடைக் கணக்கையோ கைப்பேசி நிறுவனக் கணக்கையோ யாரோ கைப்பற்றி ஆர்டர் போட்டிருக்கலாம். கொடுக்காமல், அந்தக் கணக்கில் ஆர்டர் வரலாறைத் திறந்து பாருங்கள்.


சட்டப்படி:

வாசல்திண்ணைக்கு: வழக்கறிஞரிடம் போகும்போது அட்டவணையின் இரண்டு பிரதிகள், லேபிள் பிடிஎஃப்கள், ஒப்பந்தம், கூரியர் நிறுத்திவைத்த பெட்டியின் புகார் எண் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மூல மின்னஞ்சல்களும் சாட்டும் ஒரு பென்டிரைவில். அசல் கைப்பேசியைத் தம்பி மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். பெட்டிகளைப் போலீசிடமோ கடையின் கூரியரிடமோ ஒப்படைக்கும்போது, ஒவ்வொரு பெட்டியின் ட்ராக்கிங் எண்ணும் எழுதிய ரசீது வாங்கி, அந்த எண் உங்கள் அட்டவணையில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிடுங்கள்.